பாலை நிலக் கால்வாய்களும் சூரிய மின்தகடுகளும்: நர்மதைக் கால்வாயை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

வறண்ட நிலத்திற்கு நீரைக் கொணர்வது ஒரு சிக்கல். கொணர்ந்த நீரைக் காப்பது மற்றொரு சிக்கல். திறந்த கால்வாயில் ஓடும் நீர் கசிவாலும் ஆவியாதலாலும் குறைகிறது. சிமெண்டுப் பூச்சு கசிவைக் குறைக்கும். ஆவியாதலைக் குறைக்க நிழல் வேண்டும். அந்நிழலைச் சூரிய மின்தகடுகள் தரக்கூடும் என்னும் கருத்து குஜராத்தில் செயல்வடிவம் பெற்ற வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

நர்மதை நீரின் விலை

வட குஜராத், கட்ச், சௌராஷ்டிரம் ஆகியவை மழை குன்றிய பகுதிகள். நர்மதை ஆற்று நீரைப் பயன்கொள்ளும் நோக்குடன் 1961ஆம் ஆண்டு பிரதமர் நேரு அணைக்கு அடிக்கல் நாட்டினார். மாநிலங்களுக்கிடையே எழுந்த நீர்ப் பூசலுக்கு நடுவர் மன்றம் 1979இல் தீர்ப்பு வழங்கியது. உலக வங்கி 1985இல் கடனளிக்க இசைந்தது. ஆயினும், நிலமிழந்த பழங்குடியினர் உள்ளிட்டோரின் போராட்டமும், மறுவாழ்வுக் குறைகளைச் சுட்டிய 1992ஆம் ஆண்டின் மோர்ஸ் குழு அறிக்கையும் நிலைமையை மாற்றின. 1993இல் எஞ்சிய கடனை இந்தியா கைவிட்டது. உச்ச நீதிமன்றம் 2000 அக்டோபரில் பணியைத் தொடர இசைவளித்தது. குஜராத்தில் 458 கி.மீ. நீளும் முதன்மைக் கால்வாய் வழியாக 2008இல் நீர் இராஜஸ்தானை எட்டியது. இத்துணை இழப்பின்பின் வந்த நீர் வெயிலில் வீணாவதைப் பொருளாதாரச் சிக்கலாக மட்டும் கருதவியலாது. அஃது அறம் சார்ந்ததுமாகும்.

சந்திராசன் முயற்சி

2012 ஏப்ரலில், மேசானா மாவட்டச் சந்திராசன் சிற்றூருக்கருகே, கிளைக்கால்வாய் ஒன்றின்மீது ஏறத்தாழ 750 மீட்டர் நீளத்திற்கு 1 மெகாவாட் திறனுள்ள மின்தகடுகள் நிறுவப்பட்டன. இதனால் ஆண்டுதோறும் சுமார் 90 இலட்சம் லிட்டர் நீர் மிஞ்சும் என மதிப்பிடப்பட்டது. இதற்கெனப் புதிதாக விளைநிலம் கையகப்படுத்தும் தேவை எழவில்லை. நீரின் குளிர்ச்சி தகடுகளின் வெப்பத்தைத் தணிப்பதால் மின்னாக்கமும் ஓரளவு உயர்கிறது. 2015இல் வடோதராவில் 10 மெகாவாட் நிலையம் தொடங்கப்பட்டது.

எனினும், இதன் எல்லைகளையும் நோக்குதல் வேண்டும். முதன்மைக் கால்வாயின் தலைப்பகுதி நொடிக்கு 1,133 கனமீட்டர் நீரைக் கொள்ளவல்லது. மேற்கூறிய 90 இலட்சம் லிட்டர், அங்கு எட்டு நொடிகளில் பாயும் அளவே. அகன்ற முதன்மைக் கால்வாயை மூடுவது அரிது; கிளைக்கால்வாய்களே இதற்கு ஏற்றவை. கரைகளை இணைக்கும் எஃகுச் சட்டகங்களின் செலவும் மிகுதி. 2014இன் இறுதியில் நடுவணரசு இசைவளித்த திட்டத்தில் கரையோர நிலையங்களுக்கு மெகாவாட்டுக்கு 1.5 கோடி ரூபாய் வரையும், கால்வாய்மேல் நிலையங்களுக்கு 3 கோடி ரூபாய் வரையும் மானியம் வகுக்கப்பட்டமை இதற்குச் சான்றாகும். தூர்வாருவதும் கடினமாகிறது.

அரிசோனா ஒப்பீடு

அமெரிக்காவின் அரிசோனாப் பாலையில் வாழும் கிலா ஆற்றுப் பழங்குடியினரின் முன்னோர், ஓராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கால்வாய் வெட்டி வேளாண்மை செய்தவர்கள். 19ஆம் நூற்றாண்டில் குடியேறிகள் மேலாற்றில் நீரைத் திருப்பியமையால் அவ்வேளாண்மை நலிந்தது. 2004ஆம் ஆண்டுச் சட்டம் அவர்தம் நீருரிமையை உறுதிசெய்தது. அமெரிக்காவில் முதன்முறையாகக் கால்வாய்மீது மின்தகடுகளை 2024இல் நிறுவியோர் இவர்களே.

முடிவுரை

நர்மதையில் பழங்குடியினர் நீருக்காக நிலமிழந்தனர். கிலாவில் இழந்த நீரை மீட்டவர்களே அதற்கு நிழலமைத்தனர். ஆகவே, எவ்வளவு நீர் மிஞ்சியது என்று கணக்கிடுவதோடு ஆய்வாளர் நின்றுவிடலாகாது. மிஞ்சிய நீரும் விளைந்த மின்சாரமும் எவரைச் சென்றடைகின்றன என்பதையும் ஆராய்தல் வேண்டும்.