பெற்றோரின் மறதியும் தடுமாற்றமும்: சிறுமூளை பற்றி அறிய வேண்டியவை



இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் வேலைக்காகக் குடியேறிய நம் குடும்பங்கள் பலவற்றில், பிள்ளைகள் ஷிப்டுக்குச் சென்றபின் பெற்றோர் வீட்டில் தனித்திருக்கின்றனர். அத்தாவின் நடை தளர்ந்து, பேச்சு மெதுவாகி, தொழுகையில் ரக்அத் எண்ணிக்கை தவறும்போது, "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் அது மூளையின் சிறு இரத்தநாள நோயாகவும் இருக்கலாம்.

நோய் என்ன?

மூளையின் ஆழத்திற்கு இரத்தம் கொண்டுசெல்லும் மிக நுண்ணிய நாளங்கள், பல ஆண்டு உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், புகைப்பழக்கம் ஆகியவற்றால் தடித்து விறைத்துவிடுகின்றன. ஆங்காங்கே சிறு அடைப்புகளும் நுண்கசிவுகளும் உண்டாகின்றன. கை கால் செயலிழக்காததால் பலருக்கு இது தெரிவதே இல்லை, எம்.ஆர்.ஐ. ஸ்கேனில்தான் தெரியவருகிறது. இதில் மறதியைவிட, சிந்தனை மெதுவாவதும் திட்டமிட்டுச் செய்ய இயலாமையுமே பெரும்பாலும் முதலில் தென்படும்.

சிறுமூளையின் பங்கு

பிடரிக்கு மேலே, தலையின் பின்பகுதியில் இருப்பது சிறுமூளை. மனித மூளையின் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்களில் சுமார் 6,900 கோடி இங்கேதான் இருப்பதாக 2009இல் பிரேசில் ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். உடலின் சமநிலைக்கு மட்டுமே இது உதவுகிறது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. சிறுமூளை பழுதுபட்டால் திட்டமிடல், சொல்லாற்றல், உணர்ச்சிக் கட்டுப்பாடு ஆகியவையும் குறையும் என்பதை 1998இல் ஜெரமி ஷ்மாமன், ஜேனட் ஷெர்மன் ஆகியோர் விளக்கினர்.

சிறுமூளையும் முன்மூளையும் நரம்புப் பாதைகளால் இணைந்துள்ளன. இப்பாதைகள் மூளைத்தண்டு வழியாகவும் தலாமஸ் வழியாகவும் செல்கின்றன. சிறுநாள நோய் அதிகம் தாக்குவதும் இந்த இடங்களையே. ஆகவே சிறுமூளை நலமாக இருந்தாலும் தொடர்பு அறுந்துபோகலாம். இந்நோயாளிகளில் சிந்தனைத்திறன் குறைந்தவர்களின் சிறுமூளை சுருங்கியிருப்பதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியுள்ளன. சுருக்கம்தான் காரணமா, நோயின் விளைவா என்பதில் ஆய்வு தொடர்கிறது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

உளூவின் வரிசை தடுமாறுதல், ருகூவிலிருந்து நிமிரும்போது சாய்தல், காலைத் தேய்த்து நடத்தல், கணக்கு வழக்கில் குழப்பம், காரணமின்றி அழுகை அல்லது கோபம். இவை தொடர்ந்தால் நரம்பியல் மருத்துவரைக் காட்டுங்கள். திடீரென வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, நடை தள்ளாடினாலோ தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை முதல் நாலரை மணி நேரத்திற்குள் போட வேண்டும்.

தடுப்பு

இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவதே முதற்காரியம். 50 வயதைக் கடந்த 9,000க்கும் மேற்பட்டோரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வின் முடிவு 2019இல் வெளியானது. அழுத்தத்தை 120க்குக் கீழே வைக்க முயன்றவர்களுக்கு, 140க்குக் கீழே வைக்க முயன்றவர்களைவிட லேசான அறிவுத்திறன் குறைபாடு குறைவாக ஏற்பட்டது. உங்களுக்கான அளவை மருத்துவரே சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அழுத்தம், சர்க்கரைக்கான பரிசோதனையும் மாத்திரையும் வீடு தேடி வருகின்றன. ரமளானில் மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. சஹர், இஃப்தார் நேரத்திற்கேற்ப மாற்ற முடியுமா என்று நோன்புக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மார்க்கம் காட்டும் வழி

அறிந்தவற்றையும் அறியாமற்போகும் தள்ளாத வயதைத் திருக்குர்ஆன் (16:70) குறிப்பிடுகிறது. அந்நிலையிலிருந்து நபி (ஸல்) அவர்கள் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடியுள்ளார்கள். அறிவை இழந்தவர் மீது மார்க்கக் கடமை இல்லை. எனவே தொழுகையில் தவறுபவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். அருகில் நின்று உதவுங்கள். உட்கார்ந்து தொழவும் அனுமதி உண்டு. முதிய பெற்றோரிடம் "சீ" என்றும் சொல்லக் கூடாது என்ற கட்டளை (17:23) இத்தகைய நாட்களுக்கே மிகவும் பொருந்தும். தெளிவு குன்றியவரிடம் சொத்துப் பத்திரத்தில் கையொப்பம் வாங்குவது அநீதியாகும்.

நம் பெற்றோருக்கு அல்லாஹ் ஆஃபியத்தை நிறைவாகத் தருவானாக. ஆமீன்.