வலி தெரியாத உடலில் அறுவைச் சிகிச்சை: தண்டுவடக் காயமுற்றோருக்கான கண்காணிப்பு முறை

அறுவைச் சிகிச்சை முடிந்து வார்டுக்கு வரும் நோயாளியை நாம் கண்காணிக்கும் முறை பெரும்பாலும் வலியை நம்பியே அமைந்திருக்கிறது. "எங்கே வலிக்கிறது?" என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதிலை வைத்தே வயிற்றுக்குள் சீழ் கட்டியிருக்குமோ, காலில் இரத்தம் உறைந்திருக்குமோ என்று ஐயப்படுகிறோம். தண்டுவடம் முழுமையாகப் பாதிக்கப்பட்டவரிடம் இந்தக் கேள்வி செல்லாது. காயமட்டத்துக்குக் கீழே நடப்பதை அவர் உணர்வதில்லை. ஆனால் உணர்வு அற்றுப்போன உடல் எதிர்வினையும் அற்றுப்போன உடல் அல்ல. இந்நோயாளிகளுக்கு நேரும் பின்விளைவுகள் பலவும் கத்தியின் பிழையால் முற்றுவதில்லை. வலிக்காகக் காத்திருக்கும் கண்காணிப்பால்தான் முற்றுகின்றன. அதற்கு மாற்றான முறையை அறுவைக்கு முன்பே எழுத்தில் வகுத்துக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1. 'இயல்பான' இரத்த அழுத்தம்

லுட்விக் குட்மன் 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கினார். சிறுநீர்ப்பை விரிவடையும்போது இந்நோயாளிகளின் இரத்தவோட்டத்தில் ஏற்படும் கடும் மாற்றங்களை அவரும் அவருடைய சக ஆய்வாளர் விட்டரிட்ஜும் 1947-இல் ஆய்வாக வெளியிட்டனர். இன்று அட்டோனாமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா எனப்படும் இந்நிலை, ஆறாவது மார்புத் தண்டுவட மட்டத்திலோ அதற்கு மேலோ காயமுற்றவர்களையே பெரும்பாலும் தாக்குகிறது. காயத்துக்குக் கீழே தோன்றும் உறுத்தல் பரிவு நரம்புகளைத் தூண்டி இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. அதைத் தணிக்க மூளை அனுப்பும் கட்டளையால் காயத்தைத் தாண்டிக் கீழே இறங்க முடிவதில்லை. அழுத்தம் ஏறிக்கொண்டே போய் வலிப்பிலோ மூளை இரத்தக்கசிவிலோ முடியக்கூடும்.

நான்காவது மார்பு மட்டத்தில் காயமுற்ற ஒருவருக்குப் படுக்கைப் புண்ணை மூடும் அறுவை நடந்திருப்பதாகக் கொள்வோம். அவருடைய வழக்கமான அழுத்தம் 95/60. மாலையில் 145/90 என்று அளவு வருகிறது. சற்றே கூடுதல்தான் என்று குறிப்பேட்டில் பதிவாகிறது. தலைவலி என்கிறார், பாராசிட்டமால் தரப்படுகிறது. முகம் சிவந்து நெற்றி வியர்க்கிறது, மின்விசிறியைக் கூட்டுகிறார்கள். உண்மைக் காரணம், தொடைக்கு அடியில் மடங்கிக் கிடக்கும் கதீட்டர் குழாய். மேல் அழுத்தம் வழக்கத்தை விட 20 முதல் 40 மி.மீ. உயர்ந்தாலே ஐயப்பட வேண்டும் என்ற விதி இருக்க, இங்கே 50 உயர்ந்தும் யாரும் திடுக்கிடவில்லை. அவருடைய வழக்கமான அளவு எங்கும் எழுதப்படாததே காரணம்.

செய்ய வேண்டியவை எளியவை: தலையை உயர்த்தி உட்கார வைத்தல், இறுக்கமான கட்டுகளைத் தளர்த்துதல், கதீட்டரை முனையிலிருந்து பை வரை சரிபார்த்தல், பிறகு மரத்துப்போகச் செய்யும் ஜெல்லைத் தடவி மலக்குடலைச் சோதித்தல். அதன் பிறகும் மேல் அழுத்தம் 150-க்குக் குறையாவிட்டால் விரைந்து செயல்படும் மருந்து தேவை. நைட்ரேட் தருவதாயின் சில்டனாஃபில் எடுத்தாரா என்று முதலில் கேட்டாக வேண்டும்.

2. மயக்க மருந்து தேவையா?

"உணர்வே இல்லாதவருக்கு எதற்கு மயக்க மருந்து?" என்ற கேள்வி சிறுநீர்ப்பைக் கல் அகற்றும்போது இன்னும் எழுகிறது. நோயாளிக்கு வலி தெரியாது. தண்டுவடத்தின் கீழ்ப்பகுதிக்குத் தெரியும். சிறுநீர்ப்பையை நீரால் நிரப்புவதே வலுவான தூண்டல். முதுகில் செலுத்தும் மயக்க மருந்து அந்தத் தூண்டலை வழியிலேயே நிறுத்துகிறது. ஆகவே இங்கு அது வலிநிவாரணம் மட்டுமல்ல, உயிர்க்காப்பும்கூட. முழு மயக்கம் தருவதாயின் சக்சினைல்கோலினைத் தவிர்க்க வேண்டும். காயம் பட்டு இரண்டு மூன்று நாள்களுக்குப் பின் தசையின் ஏற்பிகள் பரவிப் பெருகிவிடுவதால், அம்மருந்து பொட்டாசியத்தைத் திடீரென உயர்த்தி இதயத்தையே நிறுத்திவிடலாம்.

3. ஓசையின்றி வருபவை

வயிற்றுக்குள் கசிவு ஏற்பட்டாலும் இவர்களுக்கு வயிறு வலிக்காமல் போகலாம். பசியின்மை, வேகமான நாடி, கால்களில் வழக்கத்தை மீறிய இழுப்பு, தோள்முனையில் வலி ஆகியவையே அங்கு சாட்சிகள். உதரவிதானத்தின் நரம்பு கழுத்திலிருந்து வருவதால், மார்பு மட்டத்தில் காயமுற்றவருக்கும் தோள்வலி தெரியும். இவற்றைக் கண்டால் ஸ்கேனுக்குத் தயங்கக் கூடாது. காலில் இரத்தம் உறைந்தாலும் கெண்டைக்கால் வலி எழாது. ஆகவே இரு கால்களின் சுற்றளவையும் நாள்தோறும் டேப்பால் அளந்து ஒப்பிட வேண்டும். புதிய காயமாயின், இரத்தக்கசிவு அபாயம் நீங்கியதும் கூடுமானவரை 72 மணி நேரத்துக்குள் ஹெப்பாரின் வகை மருந்தைத் தொடங்குவது முறை.

வலி எச்சரிக்காது என்பது தோலுக்கும் பொருந்தும். அறுவை மேசையில் கழிந்த நேரமும் படுக்கைப் புண்ணுக்குக் காரணமாகும். மாநிறத் தோலிலும் கருத்த தோலிலும் சிவப்பு எளிதில் புலப்படாது. வால் எலும்பின் மேலும் குதிகாலிலும் கையை வைத்து வெப்பத்தையும் கெட்டித்தன்மையையும் பார்க்க வேண்டும்.

சில நேரம் தேவைகள் ஒன்றோடொன்று மோதும். கழுத்தில் காயமுற்றவர் படுத்திருக்கும்போதே நன்றாக மூச்சு விடுவார். நிமிர்ந்தால் வயிறு தொங்கி உதரவிதானம் வலுவிழக்கும். படுக்கைப் புண்ணை மூட இழுத்துத் தைத்த தோலுக்கும் உட்காருவது கேடு. ஆனால் இரத்த அழுத்தம் பொங்கும்போது உட்கார வைப்பதுதான் முதல் சிகிச்சை. எது முந்துவது என்பதை நள்ளிரவில் பணியிலிருக்கும் இளம் மருத்துவர் தனியே முடிவு செய்யும்படி விட்டுவிடக் கூடாது. மூளையைக் காப்பதே முதலில். தையலை மறுபடி போடலாம்.

4. ஒரு பக்கக் குறிப்பு

அரசு மருத்துவமனை வார்டில் ஒரு செவிலியர் பல படுக்கைகளைப் பார்க்கும்போது இவ்வளவு கண்காணிப்பு நடக்குமா என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் நான் கோருவது கூடுதல் ஆள்களையோ கருவிகளையோ அல்ல. கட்டில் தலைமாட்டில் ஒரு பக்கக் குறிப்பு: காயமட்டம், வழக்கமான இரத்த அழுத்தம், சிறுநீர் எடுக்கும் முறையும் இடைவெளியும், மலங்கழிக்கும் நாள், திருப்பிப் படுக்க வைக்கும் நேரம், அவருக்கே உரிய எச்சரிக்கை அடையாளங்கள், அவை தோன்றினால் முதலில் செய்ய வேண்டியது. இதற்கான தகவல்கள் நோயாளியிடமும், ஆண்டுக்கணக்கில் அவரைப் பராமரித்துவரும் மனைவியிடமோ தாயிடமோ உள்ளன. "மயிர்க்கூச்செறிகிறது, குழாயைப் பாருங்கள்" என்று நோயாளி சொன்னால் அது மருத்துவச் சான்று. பதற்றம் என்று ஒதுக்கத்தக்கதல்ல.

மறுவாழ்வு மருத்துவரையும் வீட்டுக்கு அனுப்பும் நாளில் அழைப்பது காலதாமதம். 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவைகள் செய்தார். வேலூரில் 1966-இல் தொடங்கிய மறுவாழ்வு நிலையத்துக்கு அவரே அடித்தளமிட்டார். அறுவையும் மறுவாழ்வும் ஒரே பணியின் இரு பகுதிகள் என்பதை இந்த மண் முன்பே கண்டிருக்கிறது.

அவசரநிலை தவிர, ஒப்புதல் படிவத்தில் கையொப்பம் இல்லாமல் எந்த நோயாளியும் அறுவை அரங்குக்குள் செல்வதில்லை. தண்டுவடக் காயமுற்றவரைப் பொறுத்தவரை, அந்த ஒரு பக்கக் குறிப்புக்கும் அதே கட்டாயம் வேண்டும். அது நிரப்பப்படாதவரை, உயிர்காக்கும் அவசரம் தவிர, அறுவையைத் தள்ளிவைப்பதே சரியான மருத்துவ முடிவு.