உப்புக்கு வழி காட்டிய சர்க்கரை

வாந்திபேதியில் துவண்டு கிடப்பவருக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுப்பது இன்று எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதில் சர்க்கரை எதற்கு என்று கேட்டால் பலரும் "தெம்புக்கு" என்றுதான் சொல்வார்கள். உண்மையில் உப்பை உடலுக்குள் அழைத்துப் போவதே அந்தச் சர்க்கரைதான்!

காலரா கிருமியின் நச்சு, சிறுகுடல் செல்களைத் தூண்டி உடலிலுள்ள உப்பையும் நீரையும் குடலுக்குள் கொட்ட வைக்கிறது. வெறும் உப்புத் தண்ணீரைக் குடித்தால் அதுவும் பேதியாகவே போய்விடும். செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு கொழுப்பால் ஆனது. கரைந்த உப்பு அதைத் தானாகக் கடக்க முடியாது, புரதத்தால் ஆன வாசல் ஏதாவது வேண்டும்.

1960 ஆகஸ்டில் பிராக் நகரில் நடந்த கூட்டத்தில் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க விஞ்ஞானி அப்படி ஒரு வாசலைப் பற்றிப் பேசினார். சோடியமும் குளுக்கோஸும் அதில் ஜோடியாகத்தான் நுழைகின்றன, ஒன்றை விட்டு மற்றொன்று போகாது என்றார். இரண்டும் உள்ளே போனால் சவ்வூடு பரவல் மூலம் தண்ணீரும் பின்னாலேயே போகும். நல்ல வேளையாக, காலரா இந்த வாசலைக் கெடுப்பதில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1953-லேயே கல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி என்ற மருத்துவர், உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் காலரா நோயாளிகளுக்குக் கொடுத்து 'லான்செட்' இதழில் எழுதியிருந்தார். காரணம் விளங்காத வைத்தியத்தை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1968-ல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் இருவரும் முறையாகச் சோதித்து, இது பலன் தருவதைக் காட்டினார்கள். அப்போதும் மருத்துவர்கள் பலர் ஊசி வழியாகச் சலைன் ஏற்றுவதைத்தான் நம்பினார்கள்.

1971-ல் அந்த நம்பிக்கைக்குச் சோதனை வந்தது. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து லட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி வந்த சமயம். எல்லையோர ஊரான பன்காவ் மருத்துவமனையில் காலரா நோயாளிகள் தரையில் கிடந்தார்கள். சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் வேறு வழியின்றித் துணிந்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. கல்கத்தாவில் ஒரு நூலக அறையில் பொட்டலம் கட்டி அனுப்பினார்கள். குழாய் வைத்த டிரம்களில் கரைத்து வைக்க, சொந்தக்காரர்களே பிடித்துப் புகட்டினார்கள். நர்ஸ் கூடத் தேவைப்படவில்லை! சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 3.6 சதவீதமாகக் குறைந்தது.

1978-ல் அதே 'லான்செட்', அந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று எழுதியது. மகலனாபிஸ் 2022 அக்டோபரில் காலமானார். பத்ம விபூஷண் அறிவிப்பு 2023 ஜனவரியில்தான் வந்தது.