மலைமேல் வேகாத பருப்பும் பாப்பினின் பானையும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்துவருவதைப் பேருந்தில் செல்லும் எவரும் உணரலாம். ஆனால் உடன் நிகழும் மற்றொரு மாற்றம் கண்ணுக்கோ உடலுக்கோ புலப்படுவதில்லை. நாம் மேலே ஏற ஏற, நீரின் கொதிநிலை கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. சேலத்தில் ஏறத்தாழ 99 டிகிரி செல்சியசில் கொதிக்கும் நீர், சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது.

நான்கு டிகிரிதானே, அதனால் என்ன என்று கேட்கலாம். ஏற்காடு வட்டத்தைச் சேர்ந்த வெள்ளக்கடையில், பகல் முழுவதும் உழைத்துவிட்டு மாலையில் உலை வைப்பவரைக் கேட்டால் விடை கிடைக்கும். திறந்த பானையில் துவரம்பருப்பு வேக, சமவெளியில் ஆவதைவிட அங்கு நேரம் கூடுதலாக ஆகும். அந்தக் கூடுதல் நேரத்துக்கு விறகு வேண்டும். அடுப்பருகே ஆள் வேண்டும். பிள்ளைகளோ பசியோடு காத்திருப்பார்கள். இந்தத் தாமதத்தின் காரணத்தை அறிவியல் எவ்வாறு கண்டறிந்தது, அதற்கு மாற்று எவ்வாறு நம் சமையலறைக்கு வந்துசேர்ந்தது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

கொதிநிலை என்னும் கூரை

நீர் கொதிப்பதென்றால் என்ன? நீரின் ஆவியழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்குச் சமமாகும்போது, நீரின் உட்பகுதியிலேயே ஆவிக் குமிழிகள் தோன்றி மேலெழுகின்றன. கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மீது காற்று ஏறத்தாழ 1.03 கிலோகிராம் எடை அழுத்துகிறது. ஏற்காட்டு உயரத்தில் அது 0.86 கிலோகிராமாகக் குறைகிறது. மேலிருந்து அழுத்தும் சுமை குறைவதால் குமிழிகள் முன்னதாகவே விடுதலை பெற்றுவிடுகின்றன. தோராயமாக, 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை குறைகிறது எனக் கொள்ளலாம்.

கொதிக்கத் தொடங்கிய பின், அடுப்பை எவ்வளவு பெரிதாக எரித்தாலும் நீரின் வெப்பநிலை உயர்வதில்லை. கொடுக்கும் வெப்பம் முழுவதும் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. ஒரு லிட்டர் நீரை 20 டிகிரியிலிருந்து 95 டிகிரிக்குச் சூடாக்க 75 கிலோ கலோரி போதும். அதே நீரை முழுவதும் ஆவியாக்கவோ சுமார் 540 கிலோ கலோரி வேண்டும். அதாவது ஏழு மடங்குக்கும் மேல்! தளதளவென்று கொதிக்கும் பானை விரைவாகச் சமைக்கிறது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது விறகை ஆவியாக்கி வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறது. கவுண்ட் ரம்ஃபோர்டு (1753–1814) என்ற அறிவியலறிஞர் இந்த வீண் செலவை அந்நாளிலேயே எடுத்துக்காட்டினார். வெப்பம் ஒரு பொருளன்று, இயக்கமே என்பதற்குச் சான்று தந்த அதே ரம்ஃபோர்டுதான் அடுப்புகளின் அமைப்பையும் ஆராய்ந்தவர்.

ஆகவே கொதிநிலை என்பது சமையலுக்கு மேலே வேயப்பட்ட ஒரு கூரை. தீயைக் கூட்டி அதை உயர்த்த முடியாது. மலையிலோ அக்கூரை இன்னும் தாழ்ந்திருக்கிறது.

ஆண்டீஸ் மலையில் ஓர் உருளைக்கிழங்கு

மலையுச்சியில் நீரைக் கொதிக்கவைத்து அளந்து பார்த்தவர்களில் குறிப்பிடத்தக்கவர் சுவிட்சர்லாந்து நாட்டின் டி சோசூர். அவர் 1787 ஆகஸ்ட் மாதத்தில் ஐரோப்பாவின் மோன் பிளாங்க் சிகரத்தில் ஏறியபோது, அங்கு நீர் சுமார் 86 டிகிரியில் கொதிப்பதைக் கண்டார்.

அரை நூற்றாண்டுக்குப் பின், 1835 மார்ச்சில், சார்லஸ் டார்வின் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைத்தொடரைக் கடந்துகொண்டிருந்தார். இரவு முழுவதும் நெருப்பின் மேலிருந்த பானையை மறுநாள் காலையிலும் கொதிக்கவைத்தனர், உருளைக்கிழங்கு வேகவில்லை. உடன் வந்தவர்கள் இருவரும் இதைப் பற்றி விவாதித்து, புதிதாக வாங்கிய அந்தப் பானைமேல்தான் குற்றம் என்று முடிவு செய்தார்களாம்! டார்வின் தம் பயண நூலில் இதைச் சுவைபடப் பதிவு செய்திருக்கிறார். குற்றம் பானையிலும் இல்லை, கிழங்கிலும் இல்லை; மேலே இருந்த காற்றில்தான் இருந்தது.

நான்கைந்து டிகிரி வேறுபாடு எவ்வாறு இவ்வளவு தாமதத்தை உண்டாக்குகிறது? சமைத்தல் என்பது ஒரு வகை வேதிவினையே. வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் வேதிவினைகளின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகிறது என்ற தோராய விதி வான்ட் ஹாஃப் என்னும் டச்சு வேதியியலறிஞரின் பெயரால் வழங்குகிறது. இவ்விதிப்படி 100 டிகிரியில் 30 நிமிடத்தில் வேகும் பொருள், 95 டிகிரியில் ஏறத்தாழ 42 நிமிடம் எடுத்துக்கொள்ளும். எல்லா உணவுக்கும் இக்கணக்கு அப்படியே பொருந்தாது. எனினும் போக்கு இதுதான்.

சாமையும் கேழ்வரகும்

சேர்வராயன் மலையில் நெடுங்காலமாக வாழும் மலையாளிப் பழங்குடியினர் சாமை, கேழ்வரகு, தினை முதலியவற்றைப் பயிரிட்டு உண்டுவந்தவர்கள். மலையில் விளையக்கூடியவை அவை என்பதே அதற்கு முதற் காரணம். ஆயினும் சமையல் நேரத்தின் கண்கொண்டு பார்த்தால், அவ்வுணவில் ஒரு வசதி அடங்கியிருப்பது புலப்படும். வெப்பமும் நீரும் ஒரு மணியின் மேற்புறத்திலிருந்து மையத்தை எட்ட ஆகும் நேரம், அதன் குறுக்களவின் இருமடிக்கு ஏற்ப மாறுகிறது. குறுக்களவு பாதியானால் அந்த நேரம் நான்கில் ஒரு பங்காகிறது. சாமையின் மணியோ மிகச் சிறியது. கேழ்வரகை மாவாக்கிக் களி கிண்டும்போது துகள்கள் இன்னும் சிறியவை. எனவே தாழ்ந்த கொதிநிலை அவற்றை அதிகம் பாதிப்பதில்லை. துவரை, கடலை போன்ற பருத்த, கடினமான பருப்புகளுக்கே தாமதம் மிகுதி. அவற்றை முன்கூட்டியே ஊறவைக்கும் நம் பழக்கம், நீர் உள்ளே செல்லும் நேரத்தை அடுப்பேற்றும் முன்பே முடித்துவிடும் வழியாகும்.

இவை கூரைக்குள் குனிந்து வாழும் வழிகள். கூரையையே உயர்த்தியவர் வேறொருவர்.

எலும்பை மென்மையாக்கிய கலம்

டெனிஸ் பாப்பின் 1647இல் பிரான்சு நாட்டில் பிளுவா என்ற ஊரில் பிறந்தவர். மருத்துவம் படித்தவர், ஹைகன்சுக்கும், பின்னர் லண்டனில் ராபர்ட் பாயிலுக்கும் உதவியாளராகக் காற்றழுத்தச் சோதனைகளில் ஈடுபட்டவர். காற்றழுத்தம் குறைந்தால் கொதிநிலை குறைகிறதென்றால், அழுத்தத்தைக் கூட்டினால் கொதிநிலை உயரவேண்டுமல்லவா? 1679இல் அவர் லண்டன் ராயல் சொசைட்டியில் ஒரு கலத்தைக் காட்டினார். தடித்த உலோகப் பாத்திரம், திருகால் இறுக்கப்பட்ட மூடி; உள்ளே உண்டாகும் நீராவி வெளியேற வழியில்லாமல் தானே நீரை அழுத்தியது. இவ்வாறு மூடிவைத்தால் கலம் வெடிக்கும் ஆபத்து உண்டென்பதை உணர்ந்த பாப்பின், எடை தொங்கவிட்ட நெம்புகோலால் மூடப்பட்ட ஒரு துளையையும் அமைத்தார். ஆவியழுத்தம் அளவு மீறினால் எடை மேலெழும், ஆவி வெளியேறும். காப்பு வால்வு என்று இன்று நாம் கூறுவது இதுவே.

உள்ளே வெப்பநிலை எவ்வளவு என்று அறிய அவர் கையாண்ட வழி மாணவர்கள் கவனிக்கத்தக்கது. மூடியின் மேலிருந்த சிறு குழியில் ஒரு துளி நீரை விட்டு, அது ஆவியாகி மறையும் நேரத்தை ஊசலைக் கொண்டு எண்ணினார். துளி விரைவில் மறைந்தால் கலம் அதிகச் சூடு என்பது பொருள்.

1682 ஏப்ரலில் ராயல் சொசைட்டி உறுப்பினர்களுக்கு இக்கலத்தில் சமைத்த விருந்து படைக்கப்பட்டது. அதில் கலந்துகொண்ட ஜான் ஈவ்லின், கடினமான எலும்புகளும் பாலாடைக்கட்டிபோல் மென்மையாகிவிட்டதைத் தம் நாட்குறிப்பில் வியந்து எழுதினார். கழித்துப் போடும் எலும்பிலிருந்தும் ஏழைகளுக்குச் சத்துள்ள உணவு கிடைக்கவேண்டும், எரிபொருள் மிச்சமாகவேண்டும் என்பது பாப்பினின் விருப்பம். பின்னாளில் நீராவியால் உந்துதண்டை இயக்கும் கருத்தை வெளியிட்டு, நீராவி எந்திரத்துக்கு வழிவகுத்தவரும் அவரே.

ஆயினும் அவரது கலம் வீட்டு அடுப்புக்கு வர 250 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. கருத்து சரியாக இருந்தும் பொருள்கள் இல்லை. கனத்த கலத்தை அன்றாடம் தூக்கி இறக்க யாரால் இயலும்? மூடியை ஆவி கசியாமல் அடைக்க வளையும் தன்மையுள்ள ஒரு பொருள் தேவைப்பட்டது. கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பர் 1840களில் கிடைத்தது. இலேசான அலுமினியத்தை மலிவாகப் பிரித்தெடுக்கும் முறை 1886இல் கண்டுபிடிக்கப்பட்டது. இவை கைகூடிய பின்னரே, 1930களின் இறுதியில், அமெரிக்காவில் வீட்டுக் குக்கர்கள் பரவலாக விற்பனைக்கு வந்தன.

இந்தியாவில் குக்கர்

நம் நாட்டில் இதற்கு முன்னோடியாக வேறொரு முயற்சி நடந்தது. கல்கத்தாவைச் சேர்ந்த மருத்துவர் இந்துமாதவ மல்லிக் 1910இல் 'இக்மிக் குக்கர்' என்ற கலத்தை உருவாக்கினார். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய பாத்திரங்களில் அரிசி, பருப்பு, காய்கறி ஆகியவற்றை வைத்து, கீழே கரியடுப்பின் சூட்டில் உண்டாகும் நீராவியால் வேகவைப்பது இதன் அமைப்பு. இதில் உயர் அழுத்தம் இல்லை. எனவே வேகும் நேரம் குறையவில்லை. ஆனால் அருகில் நின்று கிளற வேண்டியதில்லை. மூன்று அடுப்பின் வேலை ஓரடுப்பில் முடிந்தது. சமையலில் மிச்சப்படுத்த வேண்டிய நேரம் இரு வகை: உணவு வேகும் நேரம் ஒன்று, மனிதர் காவலிருக்கும் நேரம் மற்றொன்று. மல்லிக் இரண்டாவதைக் குறைத்தார்.

இரண்டையும் ஒருங்கே குறைத்தது பிரஷர் குக்கர். 1959இல் டி.டி.கே. குழுமம், இங்கிலாந்தின் பிரஸ்டீஜ் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு பெங்களூரில் குக்கர் உற்பத்தியைத் தொடங்கியது. அதே ஆண்டில் பம்பாயில் ஹாக்கின்ஸ் நிறுவனமும் தோன்றியது. பாப்பினின் கலமும் மல்லிக்கின் அடுக்குப் பாத்திரங்களும் ஒன்றுசேர்ந்ததுபோல், சோறும் பருப்பும் ஒரே நேரத்தில் வேகும் முறை நம் வீடுகளில் நிலைபெற்றது.

மலையில் குக்கரின் கணக்கு

குக்கர் மூடியின் மேலுள்ள எடை, பெரும்பாலான இந்தியக் குக்கர்களில், வெளிக்காற்றைவிடச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கூடுதலான அழுத்தத்தில் மேலெழும்பும். வெளிக்காற்றைவிட என்பதைக் கவனியுங்கள். சேலத்தில் உள்ளே மொத்த அழுத்தம் ஏறத்தாழ 2 கிலோகிராம். நீர் சுமார் 120 டிகிரிவரை சூடாகும். ஏற்காட்டு உயரத்தில் மொத்தம் 1.86 கிலோகிராம், வெப்பநிலை 117 டிகிரிக்குச் சற்று மேல். அப்படியானால் மலையில் குக்கரின் பயன் குறைவா? இல்லை. சேலத்தில் குக்கர் கொதிநிலையை 99இலிருந்து 120க்கு, ஏறத்தாழ 21 டிகிரி உயர்த்துகிறது. மலையிலோ 95இலிருந்து 117க்கு, 22 டிகிரிக்கு மேல் உயர்த்துகிறது. திறந்த பானையோடு ஒப்பிட்டால் மலைவாசிக்குக் கிடைக்கும் ஆதாயமே அதிகம். முன் கூறிய தோராய விதிப்படி, வேகும் நேரம் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே இறங்குகிறது. சமவெளியில் குக்கரில் 10 நிமிடம் ஆவது மலையில் 12 நிமிடம் ஆகலாம், அவ்வளவே வேறுபாடு.

ஆனால் இந்த ஆதாயத்தை நாம் முழுமையாகப் பெறுகிறோமா? 'மூன்று விசில், நான்கு விசில்' என்று எண்ணுவது நம் வழக்கம். விசில் நேரத்தின் அளவன்று. தேவைக்கு மேற்பட்ட வெப்பம் வெளியேறுகிறது என்பதன் அறிவிப்பு. பெருந்தீயில் மூன்று விசில் சில நிமிடங்களில் வந்துவிடும், சிறுதீயில் நெடுநேரமாகும். உள்ளே வெப்பநிலையோ இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து நிமிடத்தை எண்ணுவதே சரியான முறை. சுவர் வழியே இழக்கப்படும் வெப்பத்தை ஈடுசெய்யச் சிறுதீ போதும். அடுப்பை அணைத்த பின்னும் உள்ளே வெப்பநிலை சில நிமிடங்கள் 100 டிகிரிக்கு மேலேயே இருக்கும். அந்நேரத்திலும் உணவு வேகிறது. அழுத்தம் தானே தணியும்வரை காத்திருந்தால் அந்த வெப்பம் செலவின்றிக் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். பருப்பின் நுரை ஆவித் துளையை அடைத்தால், பாப்பின் அஞ்சிய ஆபத்து நம் சமையலறையில் நேரும். கலத்தைப் பாதிக்கு மேல் பருப்பால் நிரப்பக்கூடாது. துளையை ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தில் பார்த்தபின்பே மூடவேண்டும். அழுத்தம் தணியாமல் மூடியைத் திறக்க முயலக்கூடாது.

மலையூர் மாணவர்கள் இதைத் தாங்களே சோதித்துப் பார்க்கலாம். ஆசிரியரின் துணையோடு, பள்ளி ஆய்வகத்து வெப்பமானியைத் திறந்த கலத்தில் கொதிக்கும் நீருக்குச் சற்று மேலே, ஆவியில் பிடித்து அளவெடுங்கள். 100இலிருந்து எத்தனை டிகிரி குறைகிறதோ, அதை 300ஆல் பெருக்கினால் உங்கள் ஊரின் உயரம் ஏறத்தாழ மீட்டரில் கிடைக்கும். 1848 முதல் 1850 வரை இமயமலைப் பகுதியில் சுற்றிய ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியலறிஞரும் கொதிநீரைக் கொண்டு உயரங்களை அளந்தவரே. அளவெடுத்தபின் அந்த எண்ணைச் சமையலறைச் சுவரில் குறித்துவையுங்கள். இரவுச் சமையலுக்கு எத்தனை நிமிடம் என்று கணக்கிட வீட்டில் எல்லோருக்கும் அது பயன்படும்.