மதுரைச் சமவெளியில் வரப்பெலி

வரப்பெலி என்பது தெற்காசிய நெல்வயல்களில் வளை தோண்டி வாழும் கொறிவிலங்கு. பெருச்சாளியின் நெருங்கிய உறவு. உருவில் அதைவிடச் சிறியது. இரண்டும் பண்டிகோட்டா என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை. 'பன்றி எலி' எனப் பொருள்படும் பந்திகொக்கு என்ற தெலுங்குச் சொல்லே ஆங்கிலத்தில் பாண்டிகூட் ஆனது. பேரினப் பெயரும் அதிலிருந்து வந்ததே. ஆஸ்திரேலியாவின் பைம்மா விலங்கு ஒன்றுக்கும் ஆங்கிலேயர் இதே பெயரைச் சூட்டிவிட்டனர். இரண்டுக்கும் உறவேதும் இல்லை.

வரப்பெலி நீருக்கு அஞ்சாது, நன்றாக நீந்தும். வயலில் நீர் நிற்கும்போது மேடான வரப்பே அதன் வீடு. மதுரையில் அந்த வீடு பெருகியதற்குப் பாசன வரலாறு காரணம். ஒரு காலத்தில் இச்சமவெளி, ஆண்டில் பல மாதம் வறண்டு கிடக்கும் வைகையையும் மழைக்குக் காத்திருக்கும் கண்மாய்களையுமே நம்பியிருந்தது. 1895இல் பென்னிகுவிக் கட்டி முடித்த பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியே வைகைக்கு வந்தது. 1959இல் வைகை அணையும் சேர்ந்தது. பேரணை முதல் கள்ளந்திரி வரையுள்ள இருபோகப் பரப்பு இன்று 45,041 ஏக்கர். போகம் இரண்டானால் கதிர் முற்றும் காலமும் இரண்டு. எலிக்கும் அதுதான் கணக்கு.

எலி கதிரை வெட்டி வளைக்குள் சேமிப்பது கண்ணுக்குத் தெரியும் இழப்பு. வரப்பு ஓட்டை அதைவிடப் பொல்லாதது. முறை வைத்து விடப்படும் நீர் ஓர் இரவில் வடிந்துபோனால், அடுத்த முறை வரும்வரை பயிர் காய வேண்டியதுதான்.

மூங்கிலால் செய்த தஞ்சாவூர்க் கிட்டி, வளைக்குள் புகைமூட்டிப் பிடித்தல் ஆகியவை பழைய வழிகள். எலி பிடிப்போர் வளையில் கிடைத்த நெல்லையும் எடுத்துக்கொண்டனர். பின்னர் சிங்க் பாஸ்பைடு வந்தது. அதைத் தின்று பிழைத்த எலி மறுபடி அந்த இரையைத் தொடாது. அதனால் முதல் சில நாள் நஞ்சில்லாத இரை வைத்துப் பழக்க வேண்டியிருந்தது. ஆந்தை அமர வயலில் குச்சி நடுவதும் வழக்கத்தில் உண்டு.

வேளாண் துறையினர் சொல்லும் எளிய வழி, வரப்பைக் குறுகலாகவும் தாழ்வாகவும் வைப்பது. வளை தோண்ட இடமிருக்காது. ஆனால் நாற்றுக்கட்டு சுமந்து நடப்பவருக்கு அகலமான வரப்புதான் வசதி. அதில் உளுந்தும் ஊன்றலாம்.