நுழைவுச்சீட்டு விலை: வடசென்னை ரசிகர்களும் சென்னை விளையாட்டரங்குகளும்

சென்னையில் காசு கொடுத்து விளையாட்டுப் பார்க்கும் வழக்கத்தின் வரலாறு பெரும்பாலும் சேப்பாக்கம் கிரிக்கெட் அரங்கத்தின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று துறைமுகத்தை ஒட்டி வடக்கே நீளும் தொழிற்பகுதி அந்த வரலாற்றுக்கு ரசிகர்களைத் தந்தது. சர்வதேச கிரிக்கெட் நடத்தும் அரங்கம் அங்கே எழவில்லை. அதனால் இப்பகுதியினருக்கு ஆட்டம் என்பது எப்போதும் ஊரின் தென்பக்கம் போய்ப் பார்த்துவரும் ஒன்று. கட்டுப்படியாகும் விலை எது என்பதை, சீட்டில் அச்சான தொகையில் மிகக் குறைந்ததை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. அந்தத் தொகைக்கு எத்தனை இருக்கைகள் ஒதுக்கப்பட்டன, அவை எந்த வழியில் யார் கைக்குப் போயின என்பதையும் சேர்த்தே பார்க்கவேண்டும் என்பதற்குக் கடந்த சில ஆண்டுகளின் விவரங்களே போதிய சான்று.

முற்கால வரலாறு சுருக்கமானது. சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் பரம்பரைகளின் குத்துச்சண்டைகளுக்கு வடசென்னையின் தொழிலாளர்கள் டிக்கெட் வாங்கித் திரண்டார்கள். சென்ட்ரலுக்குப் பக்கத்திலுள்ள கண்ணப்பர் திடல் அவற்றின் களங்களில் ஒன்று. கிரிக்கெட்டும் சில காலம் அதே சுற்றுவட்டாரத்துக்கு வந்தது. 1956 முதல் 1965 வரை சென்னையின் டெஸ்ட் ஆட்டங்கள் சேப்பாக்கத்தை விட்டு, ரிப்பன் மாளிகைக்குப் பின்னாலிருந்த கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் நடந்தன. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் தொடக்க விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது அங்கேதான். எண்ணூரிலோ திருவொற்றியூரிலோ ரயிலேறியவர் சென்ட்ரலில் இறங்கி நடந்தே போகக்கூடிய தூரம் அது. 1967 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகளுடன் நடந்த டெஸ்டோடு ஆட்டம் சேப்பாக்கத்துக்குத் திரும்பியது. அதன்பின் பொங்கலை ஒட்டி வரும் டெஸ்ட் ஊர் வழக்கமாகவே ஆனது.

விரிவான விவரங்கள் கிடைப்பது ஐபிஎல் காலத்துக்கு. 2018 ஏப்ரலில் சென்னை சூப்பர் கிங்ஸ் இரண்டாண்டுத் தடை முடிந்து திரும்பியபோது, சேப்பாக்கத்தில் குறைந்த டிக்கெட் 1,300 ரூபாய். 2023இல் அது 1,500, 2024இல் 1,700. இதே அரங்கில் 2021 பிப்ரவரியில் இங்கிலாந்துக்கு எதிரான இரண்டாவது டெஸ்டுக்கு, கொரோனா கட்டுப்பாட்டால் பாதி இருக்கைகளே விற்கப்பட்ட நிலையிலும், 100 ரூபாய்க்கு ஒரு நாள் ஆட்டம் பார்க்க முடிந்தது. நாற்காலியும் வெயிலும் ஒன்றுதான்; விலை பல மடங்கு. நான்கு பேர் கொண்ட குடும்பம் 2024இல் ஐபிஎல் ஆட்டம் ஒன்றைப் பார்க்க டிக்கெட்டுக்கு மட்டும் 6,800 ரூபாய் எடுத்துவைக்க வேண்டும். மீன்பிடித் துறைமுகத்திலோ கன்டெய்னர் யார்டிலோ நாள்கூலிக்கு வேலை செய்பவரால் அது ஆகாது. இருக்கைகளின் எண்ணிக்கையும் இதில் சேரும். ஐ, ஜே, கே ஸ்டாண்டுகளின் ஏறத்தாழ 12,000 இடங்கள் கட்டட விதி தொடர்பான வழக்கால் 2012 முதல் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தன. அந்த ஆண்டுகளில் குறைந்த விலை டிக்கெட்டுக்கு நெருக்கடி கூடியதில் வியப்பில்லை. கிளப்புகளுக்கும் விளம்பரதாரர்களுக்கும் போகும் பங்கு எவ்வளவு என்பதில் கருத்துகள் வேறுபடுகின்றன. பொதுவிற்பனைக்கு வருவது முழு அரங்கமல்ல என்பதில் மட்டும் வேறுபாடில்லை.

வாங்கும் வழி மாறியது இதைவிடப் பெரிய மாற்றம் என்று கருத இடமுண்டு. 2023 வரை சேப்பாக்கம் கவுன்டரில் இரவெல்லாம் வரிசையில் நின்றவருக்கு டிக்கெட் கிடைக்கும் வாய்ப்பிருந்தது. அந்த வரிசை கொடுமையானது. தள்ளுமுள்ளும் தடியடியும் அதில் உண்டு. ஆனாலும் பணம் குறைந்தவர் தன் நேரத்தைச் செலவிட்டு ஈடுகட்டிக்கொள்ள அது இடம் தந்தது. 2024இல் விற்பனை முழுவதும் இணையத்துக்குப் போனபின், ஷிஃப்டில் இருப்பவருக்கும் வேகமான இணைப்பு இல்லாதவருக்கும் அந்த வழி அடைபட்டுவிட்டது. இதற்கு நேர்மாறாக, போய்வரும் செலவு குறைந்திருக்கிறது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டது; திருவொற்றியூரிலிருந்து அரங்கத்துக்கு அருகிலுள்ள அரசினர் தோட்டம் வரை வண்டி மாறாமல் போகலாம். 2024இல் ஆட்ட டிக்கெட்டைக் காட்டினால் மெட்ரோவிலும் மாநகரப் பேருந்திலும் கட்டணமில்லை என்ற ஏற்பாடும் வந்தது. காவிரிப் போராட்டத்தால் 2018இல் ஆட்டங்கள் புனேக்கு மாறியபோது அணி நிர்வாகம் ஏறத்தாழ ஆயிரம் ரசிகர்களைத் தனி ரயிலில் தன் செலவில் அழைத்துச் சென்றதும் இங்கே குறிக்கத்தக்கது. மனம் இருந்தால் செய்ய முடியும் என்பதற்கு அந்த ‘விசில்போடு எக்ஸ்பிரஸ்’ சாட்சி.

விலையைக் குறைத்தால் பிளாக்கில் விற்பவருக்குத்தான் லாபம் என்று ஒரு மறுப்பு உண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் 1,300 ரூபாய் 1,700 ஆன பிறகும் பிளாக் ஓயவில்லை, விற்றவர்கள் கைதான செய்திகளும் நிற்கவில்லை. தட்டுப்பாடு இருக்கும்வரை பிளாக்கும் இருக்கும். விலை ஏற்றம் அதற்கு மருந்தாகவில்லை. விளையாட்டு இன்று தொழில், வீரர்களுக்குக் கோடிகள் கொடுக்க வாசல் வசூல் வேண்டும் என்பது இரண்டாவது வாதம். 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்றது. இந்தத் தொகைக்கு முன் குறைந்த விலை டிக்கெட்டில் சில நூறு ரூபாய் குறைப்பது பெரிய இழப்பாகாது. அயர்லாந்தின் கேலிக் விளையாட்டுச் சங்கம் இதற்கு ஒப்புநோக்கத்தக்கது. அங்கே வீரர்கள் சம்பளம் வாங்காதவர்கள். சங்கம் வாசல் வசூலைப் பெரிதும் நம்பியிருக்கிறது. அப்படியிருந்தும் 2019இல் லீக் டிக்கெட் 15 யூரோவிலிருந்து 20 ஆனபோது ரசிகர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக், ஒளிபரப்புப் பணம் குவிந்த நிலையில், வெளியூர் ரசிகர்களின் டிக்கெட்டுக்கு 2016–17 பருவம் முதல் 30 பவுண்ட் உச்சவரம்பு வைத்தது. போனிலேயே பார்க்கலாமே என்பது மூன்றாவது வாதம். 2023இல் ஐபிஎல் போனில் இலவசமாகவே கிடைத்தது. அரங்கத்துக்கான கூட்டம் அதனால் குறையவில்லை. சேர்ந்து கத்துவதற்கு வருகிறவருக்குத் திரை ஈடாகாது.

விலை வரம்பு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சினிமா டிக்கெட் விலையை அரசு நெடுங்காலமாக வரையறுத்து வருகிறது. 2017 வரை மல்டிபிளெக்ஸில் உச்ச விலை 120 ரூபாய். முன்வரிசையில் ஒரு பகுதி இருக்கைகளை 10 ரூபாய்க்குக் கொடுத்தாக வேண்டியிருந்தது. குறைந்த விலையோடு இத்தனை இருக்கைகள் என்பதையும் விதியாக்கியதே அதன் பலம். அந்த இரண்டாம் பாதிதான் விளையாட்டரங்கத்துக்கு இன்றுவரை இல்லை. 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாடில் பெண்கள், 19 வயதுக்குட்பட்ட மாணவர்கள், தமிழக அரசு ஊழியர்கள் ஆகியோருக்கு 200, 300 ரூபாய் டிக்கெட்டுகள் வைத்தது இதற்கு நெருங்கிய முன்மாதிரி. அந்தப் பட்டியலில் ஆலைத் தொழிலாளிக்கு இடமில்லை.

ஜிஎஸ்டியிலும் ஒரு கோடு கிழிக்கப்பட்டிருக்கிறது: அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டுப் போட்டிக்கு 500 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு வரியில்லை, அதற்கு மேல் 18 சதவீதம். ஐபிஎல் அந்தச் சலுகைக்கு வெளியே நிற்கிறது. அதன் டிக்கெட் வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 40 ஆனது. அதே ஆண்டு நவம்பர், டிசம்பரில் சென்னையிலும் மதுரையிலும் நடந்த ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கிக்கு அனுமதி இலவசம். எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கத்தில் அந்த ஆட்டங்களைப் பார்க்க விரும்பியவர் இணையத்தில் முன்பதிவு செய்து டிக்கெட் பெற வேண்டியிருந்தது.