45 என்ற இலக்கம் எங்கிருந்து வந்தது?

பப்ஜி விளையாடுற ஆக்களுக்கு பி1911 கைத்துப்பாக்கியைத் தெரிந்திருக்கும். அதுக்குப் போடுகிற ரவை .45 ஏசிபி. டொமி கன்னுக்கும் அதே ரவைதான். இந்த 45ஐ ஒரு விளையாட்டுக் கொம்பனி தன்பாட்டில் போட்டுவிட்ட இலக்கம் எண்டு நினைக்கக்கூடாது. அதுக்குப் பின்னால் ஆசியாவில் ஒரு தீவுக்கூட்டமும், சிக்காகோவில் மாடு வெட்டுற ஒரு கொல்களமும், சில அநாதைப் பிணங்களும் இருக்கின்றன.

முதலில் கலிபர் எண்டால் என்ன? சன்னத்தின் குறுக்களவு, அவ்வளவுதான். .45 என்பது ஒரு அங்குலத்தில் நூற்றுக்கு 45 பங்கு, கிட்டத்தட்ட பதினொன்றரை மில்லிமீற்றர். .38 எண்டு பேர் வைத்த சன்னங்களில் பலதை அளந்தால் 9 மில்லிமீற்றரை ஒட்டித்தான் வரும். ஆக, முழுச் சண்டையும் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீற்றருக்கு. தற்காப்புக்கு எது நல்லது, மான் பன்றி சுட எது காணும் எண்டு அமெரிக்கர்கள் நூறு வருசத்துக்கு மேலாக இந்த இரண்டரை மில்லிமீற்றருக்காகத்தான் பிடுங்குப்படுகினம்.

1898இல் ஸ்பெயினோடு நடந்த போரின் முடிவில், அமெரிக்கா இரண்டு கோடி டொலர் கொடுத்து பிலிப்பைன்ஸை எடுத்துக்கொண்டது. அங்கே இருந்த சனத்திடம் ஒருத்தரும் கேட்கவில்லை. 1899இல் போர் வெடித்தது. தெற்கே மிந்தனாவ், சூலுத் தீவுகளில் இருந்த மோரோ முஸ்லிம்களோடு நடந்த சண்டைகள் 1913 வரைக்கும் இழுபட்டன. அமெரிக்க அதிகாரிகளின் இடுப்பில் அப்போது இருந்தது 1892இல் வந்த .38 கோல்ட் ரிவோல்வர். வாளோடு ஓடிவருகிற மோரோ வீரனுக்கு இதால் எத்தனை வெடி வைத்தாலும் அவன் நிற்கிறான் இல்லை எண்டு முறைப்பாடுகள் போயின. இராணுவம் பழைய .45 ரிவோல்வர்களைத் திரும்ப எடுத்துக் கொடுத்தது.

துப்பாக்கிப் பிரியர்கள் சொல்லுற கதை இதோட முடியும்: சின்னச் சன்னம் தோற்றது, பெரிய சன்னம் வந்தது, வென்றது. கதை அவ்வளவு சுத்தம் இல்லை. .38இன் தோல்விக்குச் சாட்சியாக எல்லாரும் காட்டுகிற ஆள் அன்ரோனியோ காஸ்பி. நெருக்கத்தில் நாலு வெடி பட்டும் விழாமல், கடைசியில் துவக்குப் பிடியால் நெற்றியில் அடித்துத்தான் அவரை அடக்கினார்கள். ஆனால் அவர் வாளோடு பாய்ந்த மோரோ போராளி இல்லை, சாமார் தீவில் சிறையில் இருந்து தப்ப முயன்ற ஒரு கைதி. சம்பவம் நடந்தது 1905 ஒக்ரோபரில். பெரிய சன்னம்தான் வேணும் எண்டு முடிவெடுத்த பரிசோதனை அதுக்கு முதல் வருசமே முடிந்துவிட்டது. ஆள் பிழைத்தும் விட்டார்.

மோரோக்களைத் தோற்கடித்ததும் கைத்துப்பாக்கி இல்லை. 1906 மார்ச்சில் ஹோலோ தீவில், புட் டாஜோ என்ற எரிமலை வாய்க்குள் ஒதுங்கியிருந்த பல நூறு பேரை, பெண்கள் பிள்ளைகளோடு சேர்த்து, அமெரிக்கப் படை கொன்றது. மலைப் பீரங்கி, இயந்திரத் துப்பாக்கி, ரைபிள். அந்த மலையில் ஆருக்கும் "நிறுத்துற சக்தி" பற்றாக்குறையாக இருக்கவில்லை.

"சுட்டும் விழாத காட்டான்" என்ற இந்தக் கதை எங்கட பக்கத்திலும் ஓடியது. 1895இல் சித்ரால் படையெடுப்பில் .303 சன்னம் ஆளைத் துளைத்துக்கொண்டு போகுது, ஆனால் நிறுத்துது இல்லை எண்டு பிரித்தானியர் குறைப்பட்டார்கள். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் தம்தம் ஆயுதத் தொழிற்சாலையில், நுனி விரிந்து உடம்பைக் கிழிக்கிற சன்னம் செய்தார்கள். தம்தம் சன்னம் என்ற பேர் அப்படி வந்தது. 1899இல் ஹேக் மாநாட்டில் அதைத் தடை செய்யப் போனபோது பிரித்தானியப் பிரதிநிதி ஆர்டா எதிர்த்தார். அவருடைய வாதம் இதுதான்: நாகரிகமான படைவீரனுக்கு வெடி பட்டால் தனக்குக் காயம் எண்டு ஒதுங்குவான், காட்டுமிராண்டி ஒதுங்கமாட்டான், ஆகவே அவனுக்கு வேற சன்னம் வேணும். தடை நிறைவேறியது. இண்டைக்கும் போரில் அந்த வகைச் சன்னத்துக்குத் தடை உண்டு. வேட்டைக்காரரும் அமெரிக்கப் பொலிசும் தாராளமாகப் பாவிக்கினம். மிருகம் அந்தரிக்காமல் கெதியாகச் சாகவேணும், சன்னம் ஊடுருவிப் பின்னால் நிற்கிறவரில் படக்கூடாது என்பது அவர்கள் சொல்லுற நியாயம். அதில் விசயம் இல்லாமலும் இல்லை.

இனி சிக்காகோ. 1904இல் ஜோன் தொம்ப்சன் என்ற ஆயுத அதிகாரியும் லூயி லாகார்ட் என்ற இராணுவ வைத்தியரும் அங்குள்ள கொல்களத்துக்குப் போனார்கள். (அதே தொம்ப்சனின் பேரில்தான் பின்னாளில் டொமி கன் வந்தது.) லூகரின் 7.65, 9 மில்லிமீற்றரில் இருந்து .38, .45, பிரித்தானிய .476 வரை கொண்டுபோய் உயிரோட நிற்கிற மாடுகளைச் சுட்டுப் பார்த்தார்கள். முதல் நாள் முடிவுகள் ஒண்டுக்கொண்டு ஒத்துப்போகவில்லை. பிறகு, மாடு விழும்வரை அல்லது பத்து வெடி முடியும்வரை கெதியாகச் சுடுவது எண்டு முறையை மாற்றினார்கள். பத்துக்கும் விழாததைச் சுத்தியலால் அடித்துக் கொன்றார்கள். மனிதப் பிணங்களைத் தொங்கவிட்டுச் சுட்டு, எவ்வளவு ஆடுது எண்டும் குறித்தார்கள். கூடுதலாக ஆடினால் கூடுதலான சக்தியாம்!

பிணம் ஆடுவதை வைத்து உயிருள்ள ஆள் நிற்பானா எண்டு எப்படிச் சொல்லுறது? சுடுகிறவனின் கையைத் தள்ளுகிற விசையும் சன்னத்துக்குக் கிடைக்கிற உந்தமும் ஒரே கணக்கு. சுட்டவன் விழவில்லை எண்டால், பட்டவனும் தள்ளுப்பட்டு விழப்போறதில்லை. மூளையோ முள்ளந்தண்டோ அடிபடாவிட்டால் இரத்தம் போய்த்தான் மனிதன் விழுவான். இதயம் சிதைந்தாலும் மூளையில் பத்துப் பதினைந்து செக்கனுக்கு ஒட்சிசன் மிச்சம் இருக்கும்.

.45க்குக் குறையக்கூடாது எண்டு அறிக்கை முடிந்தது. 1911 மார்ச் 29இல் ஜோன் பிறவுனிங் வடிவமைத்த .45 கைத்துப்பாக்கியை இராணுவம் ஏற்றுக்கொண்டது. அதே அறிக்கையில், உடம்பின் பெரும்பகுதியில் பட்டால் எந்தக் கைத்துப்பாக்கியும் ஆளை உடனே நிறுத்தாது, அதனால் படைவீரருக்குக் குறிபார்த்துச் சுட விடாமல் பயிற்சி கொடுக்கவேணும் என்றும் இருந்தது. அதை ஒருத்தரும் பெரிதாகத் தூக்கிப் பிடிக்கவில்லை. இலக்கம் ஞாபகத்தில் நிற்கும், பயிற்சி நிற்காது போல. வேட்டைக்காரர் இதைத் தங்கட வழியில் கண்டுபிடித்தினம். ஆபிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்ற டபிள்யூ. டி. எம். பெல் கூடுதலும் பாவித்தது 7 மில்லிமீற்றர் ரைபிள். யானையின் மண்டையோட்டை அறுத்து, மூளை எங்கே இருக்குது எண்டு படித்திருந்தார். பெருமைப்பட வேண்டிய ஆள் எண்டு சொல்லவரவில்லை.

1986 ஏப்ரல் 11இல் மியாமியில் கொள்ளையர் இருவரோடு நடந்த சண்டையில் எஃப்பிஐ அதிகாரிகள் இருவர் இறந்தார்கள், ஐவர் காயப்பட்டார்கள். கொள்ளையன் ஒருவனின் உடம்பில் பாய்ந்த 9 மில்லிமீற்றர் சன்னம் இதயத்துக்கு ஓரங்குலம் முன்னால் நின்றுவிட்டது. அவன் தொடர்ந்து சுட்டான். கொள்ளையரில் ஒருவனிடம் ரைபிள் இருந்தது, அதிகாரிகளிடம் பெரும்பாலும் கைத்துப்பாக்கிகள். இருந்தாலும் பழி கலிபரில் விழுந்தது. 10 மில்லிமீற்றருக்கும், பிறகு .40க்கும் மாறினார்கள். அவை கையை உதைத்ததில் குறி தவறியது. 2014இல் எஃப்பிஐயின் பயிற்சிப் பிரிவே 9 மில்லிமீற்றருக்குத் திரும்பலாம் எண்டு எழுதியது.

இராணுவம் அதுக்கு முதலே மாறியிருந்தது. 1985இல் .45க்குப் பதிலாக அது எடுத்த பெரெட்டாவுக்குப் போடுகிற ரவை, 1904இல் சிக்காகோவில் மாடுகள்மேல் சுட்டுப் பார்த்துக் கழித்துவிட்ட அதே லூகரின் 9 மில்லிமீற்றர்.